கியர்பாக்ஸ் வக்கீல்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வக்கீல் என்பார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய தொழில். வண்டி கொண்டுவருகிறவரைக் கூண்டில் ஏற்றாத குறையாக அவர் கேட்கும் குறுக்குக் கேள்விகளால் வந்த பெயர் அது. அந்தப் பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பதும், உதிரிபாகங்கள் வரவழைப்பதும், கோபித்துக்கொண்டு வெளியேறும் வாடிக்கையாளரை வாசல் வரை ஓடிப்போய்ச் சமாதானம் செய்து திரும்ப அழைத்துவருவதும் என் வேலைகள். கடைசி வேலைதான் அதிகம்.

"வண்டி எப்பலேர்ந்து இழுக்க மாட்டேங்குது?"

"நேத்துலேர்ந்துதாங்க."

"நேத்தா? ஒரே நாள்ல எண்ணெய் இப்படிக் கருகுமா? சரி, யாரு ஓட்டினது?"

"நான்தான்."

"நீங்க மட்டும்தானா? வீட்ல தம்பி, மச்சான் யாரும் இல்லையா? போன வாரம் எதையாவது கட்டி இழுத்தீங்களா?"

அதற்குள் வந்தவருக்கு வியர்த்துவிடும். மச்சானுடைய பழுதான வேனைக் கயிறு கட்டி இழுத்த கதை தானாக வெளியே வரும். மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் ஒரு புருவத்தை உயர்த்துவார். அந்தப் புருவத்தைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் எனக்கு இருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மாற்றும் வேலையை எண்ணெய்தான் செய்கிறது. அது சிவப்பாக இருக்கும்வரை கவலையில்லை. பழுப்பானால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். கறுப்பாகி, கருகல் வாடையும் அடித்தால் வண்டியை யாரோ படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். மாமா அளவுக்கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். "ஓட்டுறவன் ஆயிரம் சொல்லுவான். எண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். மனிதர்களைவிட எண்ணெயிடம்தான் அவருக்கு மரியாதை.

இன்னொரு பழக்கமும் உண்டு. முதல் ஓட்டத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தெருவைப் பார்க்காமல் அவருடைய கையையும் காலையும் பார்த்துக்கொண்டு வருவார். ஒருமுறை ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், வண்டி உதறுகிறது, கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமாம் என்று முகம் தொங்கிப்போய் வந்தார். மாமா அவரோடு தெருமுனை வரை போய்விட்டு வந்தார். வண்டி பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே மனிதர் லீவரை டிரைவுக்கு, அதாவது முன்னால் போகும் கியருக்குத் தட்டுகிறார், அவ்வளவுதான் விஷயம். "நின்னுட்டுத் தட்டுங்க. எந்த ரயிலப் புடிக்கப் போறீங்க?" என்று கேட்டு அனுப்பிவைத்தார். பழுது வண்டியில் பாதி, ஓட்டுகிறவரிடம் பாதி என்பது அவருடைய கணக்கு.

முதலில் அவர் என்ஜின் வேலைதான் பார்த்தார். ஆட்டோமேட்டிக் வண்டிகள் வந்த புதிதில் அந்த கியர்பாக்ஸைத் திறக்க எல்லா மெக்கானிக்கும் பயந்தார்கள். இவருக்கு அந்தப் பயத்தின் மேலேயே சந்தேகம். "உள்ள என்னத்தையோ மறைக்கிறானுங்க" என்று சொல்லி, விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றின் கியர்பாக்ஸை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். சாப்பாட்டு மேஜை முழுக்க பிளேட்டும் ஸ்பிரிங்கும் வளையமுமாகக் கிடந்தன. திருப்பிச் சேர்க்கத் தெரியாமல் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தது அக்காதான். ஒரு பழைய திரைச்சீலையை விரித்து, அதில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, "கழட்டக் கழட்ட வரிசையா இதுல வைங்க. ரவிக்கையப் பிரிச்சுத் தைக்கிறவளுக்கு இது கூடவா தெரியாது?" என்றாள். இன்றைக்கும் அவர் அப்படித்தான் கட்டம் போட்டு வைக்கிறார்.

வீட்டிலும் அவர் வக்கீல்தான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். பால்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், எதிர்வீட்டு நாய் என்று எல்லோர் மேலும் அவரிடம் வழக்கு நிலுவையில் இருக்கும். அக்காவின் மேல் மட்டும் இருந்ததில்லை. அவள் சொன்னால் சரி. அவள் வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். துணிக்கட்டுகளைச் சுமக்க முடியவில்லை என்று அவள் சொன்னதும், ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப் பிடித்து, கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்துச் சேர்த்து, சாவியை அவள் கையில் கொடுத்தார். அந்த வண்டி வந்த பிறகு அக்கா நடக்கிற நடையே மாறிப்போனது.

அந்த வண்டியில்தான் வினை வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் காலையில் அக்கா வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனாள். டிரைவில் போட்டால் உடனே கிளம்பாமல் கொஞ்சம் யோசிக்கிறது என்றாள். மாமா அளவுக்கம்பியை உருவித் துணியில் துடைத்தார். துணி கறுப்பானது. முகர்ந்து பார்த்தார், கருகல் வாடை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் காட்டவில்லை. அவரே வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்வந்தார், ஒழுங்காகத்தான் ஓடியது. எண்ணெயை மாற்றி வைத்தார். சில மாதம் கழித்து வண்டி அதே குறையோடு திரும்ப வந்தது. மறுபடியும் கறுப்பு, மறுபடியும் அதே வாடை.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அக்காவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"வண்டிய எங்கெல்லாம் எடுத்துட்டுப் போற?"

"எங்க போறேன்? துணிக்கடை, அளவெடுக்கிற வீடு, நம்ம வீடு."

"மேடு ஏதாவது ஏறுறியா?"

"மேடா? எனக்கென்ன அங்க வேலை?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவள் போனதும் மாமா குரலைத் தாழ்த்தினார். "சமதரையில ஓடுற வண்டிக்கு எண்ணெய் இப்படித் தீயாதும்மா. ஒண்ணு, பாரம் இழுக்கணும். இல்ல, தினமும் மேடு ஏறணும். இந்த ஊர்ல மேடுன்னா எது, சொல்லு?"

எங்கள் ஊர் உள்ளங்கைபோலச் சமமானது. மேடு என்று சொல்ல, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றம் ஒன்றுதான் உண்டு. அங்கே தொட்டியையும் காவலாளியையும் விட்டால் ஒரு டிரைவிங் ஸ்கூல்தான் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்லிக்கொடுப்பதற்காக அங்கே போய் வைத்திருக்கிறார்கள். அதை நடத்துகிறவர் வெயில் இல்லாவிட்டாலும் கறுப்புக் கண்ணாடி போடுகிற ஆள். தலை கலைந்து நான் பார்த்ததில்லை.

போதாக்குறைக்கு டயர் கடைக்காரர் வந்து எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினார். "என்ன வக்கீலே, வீட்டம்மா மறுபடி டிரைவிங் கத்துக்குறாங்களா? ரெண்டு மூணு தடவை ஸ்கூல் வாசல்ல வண்டியப் பார்த்தேன்."

வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் என்ன வேலை? மாமா கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பட்டறை முழுக்க நின்றது. எனக்கும் அதற்குப் பதில் தெரியாதது எரிச்சலாக இருந்தது. கூடப் பிறந்தவளைப் பற்றி நினைக்கக் கூடாததையெல்லாம் மனசு நினைத்துப் பார்த்தது. சே என்று உதறினாலும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரு பிற்பகலில், வாடிக்கையாளர் விட்டுப்போயிருந்த வண்டியை மாமா கிளப்பினார். அக்காவின் பின்னால் போகப் போகிறார் என்று புரிந்தது. அவர் ஏதாவது கிறுக்குத்தனம் செய்துவிடக் கூடாதே என்று நானும் ஏறிக்கொண்டேன். அவள் துணிக்கடையிலிருந்து புறப்பட்டாள். நாங்கள் இடைவெளி விட்டுத் தொடர்ந்தோம். அவளுடைய வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. எதிரில் ஒன்றும் வராத நேர்ச்சாலையிலும் எரிந்துகொண்டே போனது.

"பாரு, பிரேக்க வச்சு வச்சுத் தயங்கிப் போறா" என்றார் மாமா. "பின்னால யாராவது வர்றாங்களான்னு பார்த்துப் பார்த்துப் போறா. மடியில கனம்."

நானும் தலையாட்டினேன். கண்ணெதிரே எரிகிற விளக்கை இரண்டு பேரும் பார்த்தோம். இத்தனை வருஷம் வண்டிகளோடு மல்லுக்கட்டியும், அது என்ன என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

வண்டி மேட்டில் ஏறி டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றது. கறுப்புக் கண்ணாடிக்காரர் வந்து, அக்காவின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி தொட்டிக்குப் பின்புறம் போய் மறைந்தது. திரும்பி வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி, ஜன்னலில் குனிந்து, ஏதோ நெடுநேரம் சொன்னார். அவள் சின்னப் பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாமா ஸ்டியரிங்கை விடவே இல்லை. இறங்கிப் போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஊரையே குறுக்கு விசாரணை செய்கிறவருக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அக்காவின் வண்டியிலிருந்து கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார். உள்ளே பிளேட்டுகள், இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்த துணிபோலக் கருகியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டத்தில் வைத்தார். புது பிளேட்டுகளை வரவழைக்கச் சொன்னார். அன்றிலிருந்து படுக்கையும் பட்டறைக்கு வந்துவிட்டது. வேலை அதிகம் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

"மாமா ஏன் வீட்டுக்கே வர்றதில்ல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். ஒரு பக்கம் பார்த்தால் இவள் மறைக்கிறாள், மறுபக்கம் பார்த்தால் அவர் பொருமுகிறார். நடுவில் நான் மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி வாங்கினேன்.

கியர்பாக்ஸை ஏற்றி முடித்த அன்று மாமா கையைத் துடைத்தபடி சொன்னார். "வண்டி தயாராயிடுச்சு. சாவிய உங்க அக்கா கையில கொடுத்துடு. இனிமே அவ எங்க வேணும்னாலும் ஓட்டிக்கட்டும். எனக்கு இந்தப் பட்டறை போதும். அத நீயே பக்குவமாச் சொல்லிடு."

ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போடுகிற வேலையை எனக்குக் கொடுத்தார், ஏதோ நட்டு வாங்கிவரச் சொல்வதுபோல. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் ஏன் சொல்லணும்? எவனோ ரொட்டிக் கடைக்காரன் வந்தா, பக்கத்துல உக்காந்து அவன் காலப் பார்த்துட்டுத்தானே வண்டியத் தொடுறீங்க? எங்க அக்கா பக்கத்துல ஒரு தடவையாவது உக்காந்தீங்களா? திருடன் மாதிரிப் பின்னால போகத் தெரிஞ்சுதுல்ல? வாடிக்கையாளருக்குச் செய்யறத அவளுக்கும் செய்ங்க. அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்க, வக்கீல் ஐயா!"

 அக்கா வண்டியை எடுக்க வந்தபோது, மாமா பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

"ஓட்டுங்க" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு வண்டியை எடுத்தாள்.

தெரு நேராக, சமமாக, காலியாகக் கிடந்தது. என் கையிலிருந்த திரையில் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு ஏறியது. இன்னும் ஏறியது. மேடும் இல்லை, பாரமும் இல்லை. சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். வண்டி ஓடிக்கொண்டிருக்க, பிரேக் மிதிபட்டிருக்கிறது என்று காட்டியது.  மாமா குனிந்து அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கால் ஏன் பிரேக்ல இருக்கு?"

அக்கா வேகத்தைக் குறைத்தாள்.

"ரெண்டு காலையும் வச்சு ஓட்டினா, ஒரு கால் போன்னு சொல்லும், ஒரு கால் நில்லுன்னு சொல்லும். எண்ணெய் நடுவுல கெடந்து கொதிக்கும். புது வண்டியா இருந்தா என்ஜினே அடங்கிடும். இது பழசு, அடங்காது." அவருடைய குரல் மெதுவாகக் கீழே இறங்கியது. "இத்தனை வருஷம் நீ இப்படி ஓட்டினதில்லையே. யாரு இப்படி ஓட்டச் சொன்னது?"

அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"வலது கால் பாதம் மரத்துப்போச்சுங்க" என்றாள். "ரொம்ப நாளாச்சு. இடுப்புல நரம்பு அழுந்துதுன்னு டாக்டர் சொன்னார். கால் கீழ இருக்கான்னு கண்ணால பார்த்தாத்தான் தெரியுது. ஒரு தடவை பிரேக்குன்னு நெனச்சு வேற எங்கயோ வச்சுட்டேன். சுவரு பக்கத்துல போய்த்தான் நின்னேன். அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? சாவிய வாங்கி வச்சுக்குவீங்க. எப்பலேர்ந்து, எதுனால, யாருகிட்ட போன, ஏன் மறைச்சன்னு ஒரு மாசம் கேள்வி கேப்பீங்க. என்னால முடியாதுங்க. இந்த வண்டி இல்லன்னா நான் வீட்டுக்குள்ளயே கெடக்கணும்." மூச்சு வாங்கினாள். "டிரைவிங் ஸ்கூல்காரர் ஒத்தக்கால் ஆளுக்கெல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவராம். அவருகிட்ட போனேன். பிரேக்குக்கு உணர்ச்சி இருக்கிற கால வைங்கன்னு சொன்னார். ஆனா அது மேலயே கால வச்சுட்டு ஓட்டாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டார். எனக்குப் பயம். எடுத்தா மறுபடி சரியா வைப்பேனான்னு பயம். எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்கம்மான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். நான் சிரிச்சுச் சமாளிச்சுட்டு வந்துடுவேன்."

 இவளைப் பற்றித்தானா அப்படி நினைத்தேன் என்று என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

அக்கா இப்போது அவரைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டது. பட்டறைக்குப் போன படுக்கை, 'நீங்க' என்ற சொல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

"ஏங்க, நான் மேட்டுக்குப் போறது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலை குனிந்திருந்தது.

"தெரிஞ்சுதான் வீட்டுக்கு வரலையா? நீங்க என்ன நெனச்சீங்க?"

மாமா கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். தெருவென்றும் பார்க்காமல் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். அவளுடைய வலது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, செருப்பின் வாரை அவிழ்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணாடி வழியே நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

பாதத்தைத் திருப்பிப் பார்த்த மாமாவின் கை நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். உள்ளங்காலில், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் தோல் கன்றி, சுற்றிலும் வீங்கி, நடுவில் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. எங்கள் பட்டறையில் ஓட்டை போடும்போது உதிரும் இரும்புச் சீவல். தூசி வரக் கூடாது என்று கியர்பாக்ஸ் அறைக்குள் செருப்போடு யாரையும் அவர் விடமாட்டார். தினமும் மத்தியானம் அக்கா வெறுங்காலோடுதான் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். எத்தனை நாளாக அது உள்ளே இருந்ததோ, அதை மிதித்துக்கொண்டே அவள் நடந்திருக்கிறாள்.

மாமா சட்டைப் பையிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்தார்.  முனையைப் பிடித்து இழுத்தார். விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு சீவல் வந்தது, பின்னாலேயே சீழும் ரத்தமும் வந்து அவருடைய உள்ளங்கையில் வழிந்தன. எனக்கே உடம்பு கூசி, பல்லைக் கடித்துக்கொண்டேன். மாமா ஓவென்று வாய்விட்டு அழாமலிருக்க உதட்டைக் கடித்தார். அவருடைய தோள் குலுங்கியது.

அக்கா அசையவில்லை. மரத்த காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. தெருவையே பார்த்தபடி கேட்டாள்.

"கேக்குறேன்ல? சொல்லுங்க. என்னதான் நெனச்சீங்க?"